ஒற்றை மூச்சின் கணக்கு

மூச்சை நெடுநேரம் அடக்கப் பழகுகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் அடுத்து கேட்பது பெரும்பாலும் நுரையீரலைப் பற்றித்தான். பெரிய நுரையீரல் வேண்டுமா, பயிற்சி செய்தால் அது விரியுமா என்றெல்லாம் கேட்பார்கள். நுரையீரலுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆறு நிமிடம், எட்டு நிமிடம் என்று மூச்சில்லாமல் இருப்பவரின் உடம்பில் நடக்கும் வியப்பான காரியங்கள் பெரும்பாலும் வேறு இடங்களில் நடக்கின்றன: மூளைத்தண்டில், இதயத்தில், கைகால்களின் ரத்தக் குழாய்களில். ஏன், இடப்பக்கம் விலா எலும்புகளுக்குள் ஒடுங்கிக்கிடக்கும் மண்ணீரலில்கூட நடக்கின்றன.

1913ஆம் ஆண்டு கார்ப்பதோஸ் தீவை ஒட்டிய கடலில் இத்தாலியப் போர்க்கப்பல் 'ரெஜினா மார்கெரிட்டா' தன் நங்கூரத்தை இழந்தது. அதைத் தேடி எடுக்க வந்தவர் ஹாஜி ஸ்டாத்தி என்ற கிரேக்கக் கடற்பஞ்சுக் குளியாளர். கடற்படை மருத்துவர்கள் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள். மெலிந்த உடம்பு, பழுதான செவிப்பறைகள், நோயுற்ற நுரையீரல். கரையில் உட்கார வைத்து மூச்சை அடக்கச் சொன்னபோது ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த மனிதர்தான் கையில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு 70 மீட்டருக்கும் கீழே இறங்கி, நங்கூரத்தைக் கண்டுபிடித்துக் கயிறு கட்டிவிட்டு வந்தார். கரையில் எடுத்த அளவுகளை வைத்து அவரை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். நீருக்குள் போனதும் அவருடைய உடம்பு வேறு விதிகளின்படி இயங்கியிருக்கிறது.

அந்த விதிகளைப் பார்க்கும் முன் இருப்புக் கணக்கைப் போட்டுவிடலாம். நுரையீரல் நிறைய இழுத்த மூச்சில் உடம்புக்கு எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் ஆக்சிஜன் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து லிட்டர் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இன்னொரு லிட்டர். தசைகளில் உள்ள மயோகுளோபினில் கொஞ்சம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2 லிட்டர். அசையாமல் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் செலவழிப்பது 250 மில்லிலிட்டர் அளவில். வகுத்துப் பார்த்தால் எட்டு நிமிடம் வருகிறது. அதிலும் கடைசிச் சொட்டு வரை செலவழிக்க முடியாது. அதற்கு வெகு முன்பே நினைவு தப்பிவிடும். ஆனால் 2009இல் பிரான்ஸின் ஸ்டெஃபான் மிஃப்சூட், சாதாரணக் காற்றை மட்டும் இழுத்து 11 நிமிடம் 35 விநாடி நீரில் முகம் புதைத்துக் கிடந்தார். 2013இல் ரஷ்யாவின் நத்தாலியா மொல்ச்சனோவா 9 நிமிடம் 2 விநாடி. இருப்பைக் கூட்டுவதில் ஓரளவுக்கு மேல் போக முடியாது என்பதால், செலவை எங்கெல்லாம் குறைக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் தடை செலவுகூட இல்லை, தவிப்பு. மூச்சை அடக்கி ஒரு நிமிடத்தைத் தாண்டியதும் நெஞ்சை அடைக்கும் அந்த உணர்வு ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதென்று நினைக்கிறோம். அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய முழுசாக இருக்கும். தவிக்கவைப்பது கார்பன் டை ஆக்சைடு. அது ரத்தத்தில் ஏறும்போது மூளைத்தண்டில் உள்ள உணரிகள், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத்தசையான உதரவிதானத்துக்கு 'இழு' என்று கட்டளை அனுப்புகின்றன. தொண்டையை நாம் மூடி வைத்திருப்பதால் காற்று வராது. ஆனால் உதரவிதானம் அடங்காமல் துடிக்கத் தொடங்கிவிடும்.

இந்தத் துடிப்பை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். நீச்சல் குளத்தில் என் பயிற்சித் துணைவர் குப்புற மிதக்க, நான் பக்கத்தில் நின்று காவல் காப்பேன். முதல் சில நிமிடங்கள் அவரிடம் எந்த அசைவும் இருக்காது. பிறகு விலாவுக்குக் கீழே வயிறு ஒரு தடவை உள்ளே சுண்டும். நீண்ட இடைவெளி விட்டு மறுபடி. அப்புறம் இடைவெளி குறைந்துகொண்டே வரும். முதுகில் படிந்திருக்கும் நீர் ஒவ்வொரு சுண்டலுக்கும் சிலிர்க்கும். நான் அவர் தோளில் இரண்டு முறை தட்டுவேன். அவர் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டுவார். விரல் தாமதமாக எழுந்தாலோ எழாவிட்டாலோ அந்தக் கணமே திருப்பிப்போட்டு முகத்தை வெளியே எடுக்க வேண்டும். வயிறு அப்படித் துள்ளும்போது கழுத்தும் தோளும் தளர்ந்து கிடப்பதுதான் பயிற்சியின் பலன். புதிதாக வருபவரின் கழுத்து நரம்புகள் புடைத்து நிற்கும். தசை இறுகினால் அதற்கும் ஆக்சிஜன் செலவு.

பல ஆண்டுகள் பழகியவர்களின் மூளைத்தண்டு கார்பன் டை ஆக்சைடுக்கு மந்தமாகத்தான் எதிர்வினை காட்டுகிறது. மற்றவர்களைத் திணறவைக்கும் அளவு ஏறினாலும் அவர்களுக்குத் தவிப்பு தாமதமாக வருகிறது, வந்தாலும் அச்சமூட்டுவதில்லை. இதைப் பயிற்சியின் பரிசு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ஆக்சிஜன் குறையும்போது தெளிவாகக் கூவும் எச்சரிக்கை மணி மனித உடம்பில் கிடையாது. இருப்பது இந்தக் கார்பன் டை ஆக்சைடு மணி ஒன்றுதான். அதன் ஓசையைத்தான் நாம் ஆண்டுக்கணக்கில் குறைக்கிறோம்.

இனி செலவுக் குறைப்பு. 1870இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர் வாத்துகளை நீருக்குள் அமிழ்த்தினால் அவற்றின் இதயத் துடிப்பு சட்டென்று குறைவதைப் பதிவு செய்தார். சார்ல்ஸ் ரிஷே அடுத்த அடியை வைத்தார். மூச்சுக்குழாயைக் கட்டிய வாத்துகளில் சிலவற்றை வெளியிலும் சிலவற்றை நீருக்குள்ளும் வைத்துப் பார்த்தார். காற்று இரண்டுக்கும் இல்லை. ஆனாலும் நீருக்குள் இருந்தவை கிட்டத்தட்ட மூன்று மடங்கு நேரம் உயிரோடிருந்தன. இன்று மனம் ஒப்பாத சோதனைதான். ஆனால் முகத்தில் நீர் படுவதே உடம்பைச் சிக்கனத்துக்கு மாற்றுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை. ஒவ்வாமை அதிர்ச்சி பற்றிய வேறொரு ஆய்வுக்காக இதே ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார், ஸ்டாத்தி நங்கூரத்தை மீட்ட அதே ஆண்டு. பின்னர் உடலியல் அறிஞர் பெர் ஷோலாண்டர் கடல்நாய்களிலும் மனிதர்களிலும் இதை விரிவாக ஆராய்ந்து, 1963இல் எழுதிய கட்டுரையில் இதற்கு 'உயிரின் தலைமைச் சுவிட்சு' என்று பெயரிட்டார்.

சுவிட்சு இருக்கும் இடம் முகம். நெற்றி, கண்ணைச் சுற்றிய பகுதி, மூக்கு ஆகியவற்றில் பரவியிருக்கும் முக்கிளை நரம்பின் நுனிகளில் குளிர்ந்த நீர் பட்டால் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு 'மெதுவாக' என்று ஆணை இறங்குகிறது. மூச்சும் நின்றிருந்தால் ஆணை இன்னும் வலுவாகும். எந்தப் பயிற்சியும் இல்லாதவர்களுக்கும் இது உண்டு, கைக்குழந்தைகளிடமும் உண்டு. பழகியவர்களிடம் வேகமாகவும் ஆழமாகவும் நடக்கிறது, நாடி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 100 மீட்டரைத் தாண்டி மூழ்கியவர்களின் நெற்றியில் ஒளியுணரிக் கருவியைப் பொருத்தி அளந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு 11 துடிப்பு வரை இறங்கிய இதயம் அதில் பதிவாகியிருந்தது. கருவியை ஒட்டிய மூளைப் பகுதியின் ஆக்சிஜன் அளவு வெறும் 25 சதவீதமாகக்கூடச் சரிந்திருந்தது. அவர்கள் நினைவோடு மேலே வந்தார்கள்.

இதயம் தளரும் அதே வேளையில் கைகால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் இதயம், நுரையீரல், மூளை என்ற சிறு வட்டத்துக்குள் சுற்றத் தொடங்குகிறது. வெளியே விடப்பட்ட தசைகள் தம்மிடமுள்ள மயோகுளோபின் ஆக்சிஜனைச் செலவழித்துவிட்டு, ஆக்சிஜன் இல்லாத வழியில் ஆற்றல் எடுத்து லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. அதனால்தான் நீண்ட மூழ்கலின் முடிவில் தொடைகள் ஈயக்குண்டு போல் கனக்கின்றன. தரையில் படுத்து மூச்சடக்கும் பயிற்சியின்போது விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிக்கொண்டால் இதைக் கண்ணால் பார்க்கலாம். விரல்நுனி வெளுத்துச் சில்லிட்டுப் போகும், சில சமயம் கருவிக்கு நாடியே அகப்படாது. இன்னொன்றும் தெரியும்: மூச்சை விட்டு, மறுபடி இழுத்து, முகத்தில் ரத்தம் ஏறிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கருவியில் எண் இன்னும் கீழே இறங்கும். நுரையீரலில் கிளம்பிய புதிய ரத்தம் விரலை எட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது. 'எண் நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாங்கலாம்' என்று அந்தக் கருவியை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது.

மூளைக்கு மட்டும் தனிச் சலுகை. கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற மூளையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. தேர்ந்த மூச்சடக்குவோரின் மூளைக்குப் போகும் ரத்தம் கடைசிக் கட்டத்தில் ஏறக்குறைய இரு மடங்காவதை அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு துளியிலும் ஆக்சிஜன் குறைந்தாலும் துளிகள் கூடுவதால் மூளைக்குச் சேரவேண்டியது பெருமளவு சேர்ந்துவிடுகிறது. நம்மைத் தவிக்கவைக்கும் அதே வாயுதான் மூளைக்கு வழியையும் திறந்துவிடுகிறது. தவிப்பை எதிரியாகப் பார்ப்பதை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

இப்போது மண்ணீரல். இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இது. பொதுவாக 200 மில்லிலிட்டர் அளவில், சிவப்பணுக்கள் செறிந்த ரத்தத்தைத் தேக்கிவைத்திருக்கும். மூச்சை அடக்கியதும் அது சுருங்கி அந்தச் சிவப்பணுக்களை ஓட்டத்தில் சேர்க்கிறது. முதல் முறை கொஞ்சம், அடுத்த முறை இன்னும் கொஞ்சம். சிறு இடைவெளி விட்டு மூன்று நான்கு தடவை அடக்கினால் முழுசாகச் சுருங்கிவிடும். முதல் முயற்சியைவிட நான்காவது முயற்சி எப்போதும் எளிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். சுவீடனின் எரிகா ஷகத்தாய் குழுவினர் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களையும் இதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். அவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடவில்லை, அடக்கும் நேரமும் மற்றவர்களைப் போல ஒவ்வொரு முறையும் நீளவில்லை.

தென்கிழக்காசியக் கடல்களில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் பஜாவ் மக்களிடம் இந்த உறுப்பே பெரிதாக இருக்கிறது. மெலிஸா இலார்டோவும் உடன் ஆய்வாளர்களும் இந்தோனேசியாவின் சுலவேசியில் அவர்களையும், அருகில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களையும் ஒப்பிட்டு 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பஜாவ் மக்களின் மண்ணீரல் ஏறத்தாழ 50 சதவீதம் பெரியது. கடலில் மூழ்காத பஜாவ்களுக்கும் அப்படித்தான். ஆக, பழக்கத்தால் மட்டும் வந்ததில்லை, பரம்பரையில் ஊறியது. தைராய்டு ஹார்மோனோடு தொடர்புடைய பிடிஇ10ஏ என்ற மரபணுவின் ஒரு வகை அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. அப்படியானால் நம்மைப் போன்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டுமா? வேண்டாம். எட்டு வார மூச்சடக்கும் பயிற்சியிலேயே மண்ணீரலின் கொள்ளளவு கூடுவதாகப் பிறகு வந்த ஓர் ஆய்வு காட்டியது. மரபு தந்தது அவர்களுக்கு, உழைப்பு தருவது எல்லோருக்கும்.

கொரியாவின் ஜேஜு தீவுப் பெண் மூழ்காளர்களான ஹேன்யோக்களிடம் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. 2025இல் வெளியான ஆய்வின்படி, முகத்தைக் குளிர்நீரில் வைத்து மூச்சடக்கும்போது அவர்களின் நாடி அதே தீவின் மற்றப் பெண்களைவிட அதிகம் இறங்குகிறது. அது வாழ்நாள் பயிற்சி தந்தது. கூடவே, மூழ்கும்போது ரத்த அழுத்தம் அதிகம் ஏறாமல் காக்கும் மரபணு வேறுபாடு ஒன்று அத்தீவு மக்களிடம் பரவலாக இருக்கிறது. அது பிறப்போடு வந்தது. அவர்களின் குளிர் தாங்கும் சக்தியின் கதைதான் என்னை அதிகம் பாதித்தது. பருத்தி உடையில் குளிர்காலக் கடலில் இறங்கிய நாட்களில், குளிர்காலத்தில் அவர்களின் அடிப்படை வளர்சிதை வேகம் கோடைக்காலத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடியதை விஞ்ஞானிகள் அளந்தார்கள். 1970களில் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தத் தகவமைப்பு அவர்களிடமிருந்து மறைந்துபோனது. உடம்பு எதையும் சும்மா சுமந்துகொண்டிருப்பதில்லை. பயிற்சியை விட்டால் நானும் இறங்கித்தான் போவேன்.

ஹேன்யோக்கள் ஒரு மூழ்கலில் நீருக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்தான். மேலே வந்து விசில் போன்ற ஒலியோடு மூச்சை விட்டு, சற்று இளைப்பாறி மறுபடி இறங்குவார்கள், இப்படி மணிக்கணக்கில். ஒவ்வொரு முறையும் இருப்பில் பெரும்பகுதி மிச்சமிருக்கும்போதே திரும்பிவிடுகிறார்கள். சாதனையாளர்களை வியக்கிறேன், ஆனால் எழுபது வயதிலும் கடலில் இறங்கும் இந்தப் பெண்கள்தான் எனக்கு ஆசான்கள்.

ஆழம் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 6 லிட்டராக இருந்த காற்று 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர், 100 மீட்டரில் அரை லிட்டருக்குச் சற்று மேல். முழுக்க வெளியே ஊதிய பிறகும் நுரையீரலில் எஞ்சும் காற்றே ஒன்றரை லிட்டர் வரை இருக்கும் என்பதால், ஆழத்தில் காற்று அந்த அளவுக்கும் கீழே சுருங்கினால் நெஞ்சுக்கூடு நொறுங்கிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரித்துவந்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் ராபர்ட் கிராஃப்டுக்கு அந்தக் கணக்குப்படி எல்லை ஏறத்தாழ 60 மீட்டர். 1968இல் அவர் 73 மீட்டர் இறங்கித் திரும்பினார். மருத்துவர் கார்ல் ஷேஃபர் குழுவினர் அவரை அளந்தபோது விடை கிடைத்தது: கைகால்களிலிருந்து ஒதுங்கிய ரத்தம் ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்கு நெஞ்சுக்குள் வந்து, காற்று சுருங்கிய இடத்தை நிரப்பியிருந்தது. ரத்தம் திரவம், அழுத்தத்துக்குச் சுருங்காது. 1976இல் பிரெஞ்சு மூழ்காளர் ஜாக் மயோல் இத்தாலியின் எல்பா தீவருகே 100 மீட்டரைத் தொட்டார்.

நுரையீரல் விரியுமா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். நீட்டிப்புப் பயிற்சிகளால் விலா இடைத்தசைகளும் உதரவிதானமும் நெகிழ்ந்து, உள்ளே இன்னும் கொஞ்சம் காற்று கொள்ளும். அதைவிட முக்கியமாக, ஆழத்தில் கிழியாமல் குழிந்து கொடுக்கும். நிறைய இழுத்த பிறகும் நாக்கால் காற்றை வாய்வாயாக உள்ளே தள்ளித் திணிக்கும் உத்தியும் உண்டு. ஒரு லிட்டருக்கும் மேல் அதில் கூடும். அதை ஆரம்பக்காரர்கள் தொடக்கூடாது என்பேன். இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை அது நெருக்கி, தொடங்குவதற்கு முன்பே மயக்கம் போட வைக்கும். நெகிழ்வு போதாத மார்போடு ஆழத்துக்கு அவசரப்படுபவர்கள் நுரையீரலின் நுண்குழாய்கள் கிழிந்து ரத்தம் துப்பியபடி மேலே வருவதும் உண்டு.

முன்கூட்டியே தூய ஆக்சிஜனை இழுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு சான்று: 2025இல் குரோஷியாவின் விட்டோமிர் மரிச்சிச் அப்படி 29 நிமிடம் 3 விநாடி இருந்தார். அவ்வளவு கார்பன் டை ஆக்சைடையும் அவருடைய உடம்பு தாங்கியிருக்கிறது. காற்றை மட்டும் இழுத்தவரை நிறுத்துவது ஆக்சிஜன். அது தீருவதைச் சொல்லும் தெளிவான உணர்வு நமக்கு இல்லை.

ஆகவே, நீரில் குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பழக்கத்தைக் காணொளிகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அப்படிச் செய்வதால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவது மிகச் சொற்பம், அது ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. தவிப்பு வருமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். வலி இல்லை, போராட்டம் இல்லை; கரையில் நிற்பவருக்கு அவர் இன்னும் நன்றாக நீந்திக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். நல்ல நீச்சல்காரர்கள் இடுப்பளவு நீரில் இறந்துபோவது இப்படித்தான்.

கடலில் மேலே ஏறும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. நுரையீரலில் ஆக்சிஜன் 5 சதவீதமாகக் குறைந்திருந்தாலும், அந்த அழுத்தத்தில் அது கரையில் சாதாரணக் காற்றில் இருப்பதற்கு ஈடாக ரத்தத்துக்குள் புகும். மூழ்கியவர் நன்றாகவே உணர்வார். ஏற ஏற அழுத்தம் இறங்கும், அதே 5 சதவீதம் நான்கில் ஒரு பங்கு வலுவுக்கு வந்துவிடும். கடைசிப் பத்து மீட்டரில்தான் அழுத்தம் பாதியாக விழுகிறது. மயக்கங்களில் பெரும்பாலானவை அங்கேயும் நீர்ப்பரப்பிலும் நிகழ்வது அதனால்தான்.

அதுவரை உலகில் வேறெந்தப் பெண்ணும் எட்டாத நேரத்தை எட்டிய நத்தாலியா மொல்ச்சனோவா, 2015 ஆகஸ்டில் ஸ்பெயினின் ஃபோர்மென்டேரா தீவருகே மூழ்கினார், திரும்பவில்லை. எடையோடு இறங்கும் பிரிவில் 214 மீட்டர் கண்ட ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ச், 2012இல் அதையும் தாண்ட முயன்றபோது நைட்ரஜன் குமிழ்கள் மூளையைத் தாக்கிப் பக்கவாதத்தில் விழுந்தார். இவர்களைவிட நன்றாகத் தகவமைந்த உடம்புகள் அன்று இருந்ததில்லை. தகவமைப்பு எல்லையைத் தள்ளிவைக்கிறது; எல்லை எங்கே என்று காட்டும் வேலையை அது செய்வதில்லை.

அந்த வேலையைப் பக்கத்தில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். நினைவு தப்பியதும் பெரும்பாலும் குரல்வளை தானாக இறுகி மூடிக்கொள்ளும், நீர் சிறிது நேரம் உள்ளே போகாது. அந்தச் சிறு அவகாசத்தில் முகத்தை வெளியே எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலானோர் சில விநாடிகளில் மூச்சு இழுத்துவிடுவார்கள். தனியாக இருந்தவருக்கு அந்த அவகாசத்தால் பயனில்லை.

மேலே வந்து மூச்சு இழுத்த பிறகும் காவல் தொடரும். போட்டிகளில் 15 விநாடிக்குள் கண்ணாடியைக் கழற்றி, விரலால் சைகை காட்டி, 'நலம்' என்று வாயால் சொல்ல வேண்டும். நடுவர் அதற்குப் பிறகும் 30 விநாடி வரை பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் மூச்சில் நுரையீரலுக்கு வந்த ஆக்சிஜன் மூளையைச் சேரச் சில விநாடிகள் ஆகும். அதுவரை மூளையில் ஓடுவது பழைய ரத்தம்தான். உதடு நீலம் பாரித்திருக்கிறதா, பார்வை நிலைகுத்துகிறதா, தலை தளர்ந்து ஆடுகிறதா என்று பார்ப்பேன். என் துணைவர் சிரித்துப் பேசத் தொடங்கினாலும் அந்த அரை நிமிடம் முடியும்வரை அவர் கையை நான் விடுவதில்லை.